கையில் மிஞ்சிய ஜல்லி

— சனிக்கெழம சாயந்தரம் எங்க வெடியெல்லாம் உன் பொட்டி புட்சி வெச்சிருக்குமே, அத்த அழிச்சிட்டியா, இன்னும் வெச்சினு கீறியா? அது மட்டும் சொல்லு தபீதா டீச்சர்.

— முதல்ல உக்காருங்க கங்கையக்கா. மூச்சு இரைக்குது. செருப்புகூடப் போடாம மலையச் சுத்தி ஓடி வந்திருக்கீங்க.

— குந்தறதுக்கு நேரமில்ல. ரெண்டு மணிக்கு எங்கூட்டுக்காரு டிரில்ல தூக்கினு கல்லு ஒடைக்கற பள்ளத்துல எறங்கறாரு. இப்ப மணி இன்னா?

— ஒண்ணே கால். பதிவு இருக்கு. வழக்கமா மறுநாளே அழிச்சிடுவேன், டிஸ்க்ல இடம் பத்தாது. நேத்து தாம்பரத்துல எங்க சர்ச்சுல அறுப்பின் பண்டிகை, நான் இந்தப் பக்கமே வரல. அதனால தப்பிச்சிருக்கு.

— உங்க சாமிக்கு ஒரு தேங்கா ஒடைக்கறேன்.

— எங்க சாமிக்குத் தேங்காய் வேணாம். என்ன ஆச்சு, சொல்லுங்க.

— சனிக்கெழம பன்னெண்டு குயி போட்டு மருந்து வெச்சாங்க. சிட்டிபாபு மேஸ்திரி பன்னெண்டு ஜல்லிய எண்ணி என் கையில குடுத்தான். திரி பத்த வெச்சிட்டு ஓடறவனுக்கு எண்ண வராது, அதான் மேட்டு மேல என்ன நிக்க வெக்கறாங்க. ஒரு வெடி வெடிச்சா ஒரு ஜல்லிய கீய போடுவேன். கடைசி ஜல்லிய மட்டும் பள்ளத்துக்குள்ள எறிவேன். அது வுயுந்தாத்தான் ஆளு எறங்கலாம். அதான் எங்க பள்ளத்து சட்டம்.

— சரி. சனிக்கிழமை?

— பதினொண்ணுதான் வுயுந்துது. ஒண்ணு கையிலயே நின்னுடுச்சு. தோ பாரு, முந்தானைல முடிஞ்சு வெச்சினு கீறேன். ரெண்டு நாளா அவுக்கல.

— அப்போ ஒரு குழி வெடிக்கவே இல்ல. மருந்து உள்ளேயே இருக்கு.

— அது நான் சொல்றது. மீதி அம்பது பேரும் பன்னெண்டு கேட்டுதுன்றான். அம்பது பேரும் சேந்து பொய் சொல்லுவானா?

— எல்லாருமா?

— எல்லாரும். பொம்பளைங்க அரை நாள் கூலி போச்சுன்னு காலைலேர்ந்து என் மேல மண்ண வாரித் தூத்துறாளுங்க. இந்தப் பக்கம் திரும்பிப் பேசு டீச்சர். பொட்டியப் பாத்துகினு பேசினா எங்கிட்ட பேசற மாதிரியே இல்ல.

— இதை ஓட விடணும்ல, அதான். எண்பத்தாறுல வாங்கின கம்ப்யூட்டர். இந்த லோ வோல்டேஜ்ல நொண்டி நொண்டித்தான் வரும். அஞ்சு நிமிஷம் பொறுங்க.

— அஞ்சு நிமிசமா? அதுவரைக்கும் எதுனா பேசினு இரு. சும்மா குந்த முடியல. இந்த ரூமுல முன்னால வெடி மருந்து வெச்சினு இருந்தாங்க, தெரியுமா? பீடியோட வந்தா ஒதைப்பாங்க. இங்க வந்து இன்னாத்த எண்ணினு கீற நீ?

— சுத்தி கருங்கல்லு, மேல மலை. எனக்கு இதவிட நல்ல இடம் கிடைக்காது. வானத்துலேர்ந்து துகள் கொட்டிக்கிட்டே இருக்கு அக்கா. மியூவான்னு பேரு. கண்ணுக்குத் தெரியாது. வெளியில நின்னு உள்ளங்கையை விரிச்சா நொடிக்கு ஒண்ணு கையைத் துளைச்சிட்டுப் போகும். மலையையும் துளைக்கும். துளைச்சு உள்ள வர்றது எத்தனைன்னு எண்றேன்.

— மலையவா? எங்கூட்டுக்காரு ஒரு முயம் தொளைக்கறதுக்குள்ள நெஞ்சு முட்ட இருமறாரு. அதுக்கு யாரு கூலி குடுக்கறா?

— அதுக்குக் கூலி கிடையாது. எண்றதுக்கு எனக்கு காலேஜ்ல ஏதோ குடுக்கறாங்க. அதுவும் நாலு மாசமா வரல.

— அப்ப நீயும் நம்ம ஆளுதான். ரெண்டு பேரும் எண்ற வேலைதான் செய்யறோம். சரி, வானத்து தூச எண்றவளுக்கு எங்க வெடி எதுக்கு?

— உங்க வெடி அதிர்ச்சில என் கருவி ஏமாந்துடும். வராத துகளை வந்ததா எண்ணிடும். அதனால பாறையில ரெண்டு அதிர்வுக் கருவி பதிச்சு வெச்சிருக்கேன். அது துள்ளுற நேரத்துல எண்ணினதை எல்லாம் தூக்கிப் போட்டுடுவேன். உங்க வெடி எனக்குக் குப்பை அக்கா.

— எங்க சோறு உனக்குக் குப்பை. நல்லா கீது கதை. இன்னிக்கு அந்தக் குப்பையக் கெளறு.

— கிளறிக்கிட்டுதான் இருக்கேன். தசரதண்ணன் என்ன சொல்றார்? உங்க எண்ணிக்கையை அவராவது நம்பணுமே.

— அவருதான் முதல் ஆளா எறங்கறேன்றாரு. "கங்கா, இந்தத் தபா நீ ஒண்ண வுட்டுட்ட"ன்றாரு. ஊரு சொன்னா ஊரு மூஞ்சில துப்பிட்டுப் போவேன். அந்தாளு வாயாலயே அப்டி வந்ததுலேர்ந்து எனக்கே பயமா பூட்ச்சி டீச்சர். மெய்யாலுமே வுட்டுட்டேனோ?

— இதுக்கு முன்னால எப்பவாவது விட்டிருக்கீங்களா?

— எனக்கு முன்னால என் நாத்தனா அஞ்சம்மா எண்ணினு இருந்தா. அவ ஒம்போதுன்னா. அப்ப இருந்த மேஸ்திரி பத்துன்னு ஆள எறக்கினான். அன்னிக்கு ரெண்டு பேர கூடையில வாரினு வந்தாங்க. அதுக்கு அப்பாலதான் இந்த ஜல்லி சட்டமே வந்துது. ஒண்ணு சொல்றேன். உன் பொட்டி பன்னெண்டுன்னு காட்டினா இந்த ஜல்லிய இங்கயே வீசிட்டு எண்ற வேலைய வுட்டுடறேன். பதினொண்ணுன்னா நான் பறக்கணும்.

— மேடம்! தபீதா மேடம்! அந்தப் பொம்பள இங்கதான் வந்தாளா?

— வாங்க மேஸ்திரி. செருப்பை வாசல்லயே விட்டுட்டு வாங்க, தூசி ஆகாது.

— சிட்டிபாபு வெறுங்காலோட நின்னது என் கல்யாணத்துல மட்டுந்தான் மேடம். சரி, வுட்டுட்டேன். ஏ கங்கா! ஏ கங்கா, உன்னத்தான்! பாத்தீங்களா மேடம், ரெண்டு தபா கூப்ட்டேன், திரும்பறாளா பாருங்க.

— கங்கையக்கா, மேஸ்திரி வந்திருக்கார்.

— வந்தா வரட்டும். எயுந்து சலாம் போடணுமா?

— இவளுக்குக் காது பூட்ச்சி மேடம். மேட்டரே அதான். இருவது வருசமா வெடி வாயிலயே நிக்கறா, போவாம இன்னா பண்ணும்? பதினொண்ணு கேட்டுது, ஒண்ணு கேக்கல. அதுக்கு அம்பது பேரு பொயப்ப நிறுத்திட்டா. கீய ரெண்டு லாரி ஜல்லிக்கு நிக்குது. ஓனரு என்ன கடிச்சித் துப்பறாரு.

— இன்னா சொன்ன? எனக்கா காது பூட்ச்சி? போன வாரம் உன் பொண்டாட்டி உன்ன தொடப்பத்தால சாத்தினது எங்க வூடு வரைக்கும் கேட்டுது மேஸ்திரி.

— வாய் மட்டும் நல்லா கீது. மேடம், இவ பேச்சைக் கேட்டு நீங்க வேற பேஜார் பண்ணாதீங்க. இந்தக் காதால எண்ணினேன், பன்னெண்டு. கரீட்டா பன்னெண்டு.

— ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க. வந்துடுச்சு. சனிக்கிழமை, நாலு மணி முப்பத்திரண்டு நிமிஷம். இந்தக் கோட்டைப் பாருங்க. பாறை சும்மா இருந்தா கோடு நேரா ஓடும். வெடி வந்தா எகிறும்.

— நெஞ்சு வலின்னு போனா ஆஸ்பத்திரில காட்டுவானே, அது கணக்கா.

— அதேதான் மேஸ்திரி. இது பாறையோட நெஞ்சுன்னு வெச்சுக்குங்க. எண்றேன். ஒண்ணு. ரெண்டு. மூணு, நாலு. அஞ்சு. ஆறு. ஏழு. எட்டு. ஒம்போது, பத்து. பதினொண்ணு...

— ஏன் நிறுத்திட்ட? டீச்சர், ஏன் நிறுத்திட்ட?

— பன்னிரண்டு.

— பாத்தீங்களா! மிஷினே சொல்லிடுச்சு! குடுமே அந்த ஜல்லிய. நானே எறிஞ்சுக்கறேன்.

— இன்னொரு தபா எண்ணு டீச்சர்.

— எண்ணிட்டேன் அக்கா. பன்னிரண்டு தடவை எகிறியிருக்கு.

— அப்ப சரி. இந்தா மேஸ்திரி, புடி. எனக்கு இன்னாத்துக்கு ரோசம்? அந்தாளு உசுரோட ஏறி வந்தா போதும். அம்பது பேர பட்டினி போட்ட பாவம் எனக்கு வாணாம்.

— இப்பத்தான் ஒயுங்கா பேசற. நாளைலேர்ந்து கல்லு ஒடைக்க வா. எண்றதுக்கு வேற ஆளப் போட்டுக்கறேன். வரேன் மேடம்.

— ஒரு நிமிஷம். போகாதீங்க மேஸ்திரி. இந்த எட்டாவது மட்டும் ஏன் இவ்வளவு குட்டையா இருக்கு?

— அது அர வெடியா இருக்கும். மருந்து நமுத்து பூட்ருக்கும். புஸ்ஸுனு போவும். நடக்கறதுதான் மேடம்.

— இருக்கலாம். ஆனா ரெண்டு கருவி வெச்சிருக்கேன்னு சொன்னேன்ல. ஒண்ணு இந்த ரூம் தரையில. இன்னொண்ணு அதோ அந்த வேப்பமரத்தடியில, நூறு மீட்டர் மேற்க. உங்க பள்ளம் எந்தப் பக்கம்?

— கெயக்க. பம்மல் பக்கம்.

— அப்போ உங்க வெடி அதிர்ச்சி முதல்ல எங்க வரணும்?

— இங்கதான். அப்பால மரத்தாண்ட போவும்.

— பாறைக்குள்ள அது ரொம்ப வேகமாப் போகும். நீங்க ஒரு தடவை கண்ணை இமைக்கறதுக்குள்ள இந்த நூறு மீட்டரைப் பத்துத் தடவை தாண்டிடும். நம்ம யாருக்கும் அது தெரியாது. கம்ப்யூட்டருக்குத் தெரியும். இப்ப ரெண்டு கோட்டையும் ஒண்ணு கீழ ஒண்ணா வெக்கறேன். முதல் வெடி, இங்க முன்னால, மரத்தடியில பின்னால. ரெண்டாவதும் அப்படித்தான். மூணு, நாலு, அஞ்சு, எல்லாம் அப்படியே. எட்டாவதைப் பாருங்க.

— மாறிக் கீதே.

— மரத்தடியில முன்னால, இங்க பின்னால. கங்கையக்கா, இங்க என்னைப் பாருங்க. பதினொண்ணு கிழக்கேருந்து வந்திருக்கு. இந்த ஒண்ணு மேற்கேருந்து வந்திருக்கு.

— மேக்கன்னா ஏரிக்கு அந்தாண்ட. திருநீர்மலை பக்கம். அங்க சுப்பராயலு பள்ளந்தானே கீது? மேஸ்திரி, உன் மூஞ்சி ஏன் செத்துப் போச்சு?

— அவங்க வெடி அஞ்சு மணிக்குத்தான் மேடம். எப்பவும் அஞ்சு மணிதான்.

— சனிக்கிழமை?

— சனிக்கெழம... நேத்து அவன் மச்சினிச்சி கல்யாணம், பெருங்களத்தூர்ல. நானும் போயிருந்தேன். அதுக்காவ முந்தின நாளு ஆளுங்கள மூணு மணிக்கே அனுப்பிட்டான். ஒரு குண்டுக்கல்லு மட்டும் லாரிக்கு வயி மறிச்சினு கெடந்துது, அத்த ஒத்த வெடி வெச்சு ஒடைச்சிட்டுக் கெளம்பினேன்னான். பந்தியில என் பக்கத்துல குந்திகினு சொன்னான் மேடம். நான் பாயசத்த ஊத்தினு கேட்டுகினு இருந்தேன்.

— எத்தினி மணிக்குன்னான்?

— நாலரைக்கு.

— அம்பது பேரும் பொய் சொல்லல மேஸ்திரி. பன்னிரண்டு கேட்டுத்தான் இருக்கும். ஏரித் தண்ணி மேல சத்தம் தெளிவா வரும். அதுல ஒண்ணு உங்களோடது இல்ல. அவ்வளவுதான்.

— மணி இன்னா டீச்சர்?

— ஒண்ணு நாப்பது.

— அந்தாளு ரெண்டு மணி வரைக்கும் காத்துகினு இருக்கற ஆளா? சாப்ட்ட கை காயறதுக்குள்ள எறங்கிடுவாரு! ஓடு மேஸ்திரி!

— சைக்கிள் கீது, இதோ போறேன். இந்தா, இந்த ஜல்லி உன் கையிலயே இருக்கட்டும். புடிமே!

— மேஸ்திரி, செருப்பு!

— செருப்பாவது மண்ணாவது!

— போயிட்டார் அக்கா. நல்லா மிதிக்கறார். நீங்களும் போகணுமா?

— சைக்கிள முந்தினு நான் ஓட முடியுமா டீச்சர்? இந்தப் பொட்டி சனிக்கெழமைய மட்டுந்தான் காட்டுமா, இப்ப நடக்கறதயும் காட்டுமா?

— காட்டும். இதோ, இதுதான் இந்த நிமிஷம்.

— நேரா கீது.

— நேரா இருந்தா நல்லது.

— எகிறினா?

— அதெல்லாம் எகிறாது. நான் ஜெபம் பண்றேன், நீங்க உங்க சாமியக் கூப்பிடுங்க.

— கங்கையம்மனையே எனக்குப் பேரா வெச்சாங்க. அவ ஒரு தபா என்னப் பாக்கட்டும். அந்தாளு என்னோட சண்ட போட்டுட்டுப் போனாரு காலைல. கஞ்சி குடிக்கல. டீச்சர்! துள்ளுது! கோடு துள்ளுது!

— அது லாரி. பயப்படாதீங்க, லாரிதான். பாருங்க, சின்ன சின்னதா நெளியுது. வெடின்னா ஒரே குத்தா இருக்கும். லாரி கிளம்புது, அவ்வளவுதான்.

— உன் கையக் குடு.

— இந்தாங்க. மேஸ்திரி இந்நேரம் போய்ச் சேந்திருப்பார்.

— பேசாத. கோட்டப் பாரு.

— ரெண்டு மணி ஆயிடுச்சு அக்கா. கோடு நேராத்தான் இருக்கு.

— அஞ்சு நிமிசமாவது ஆனாத்தான் நம்புவேன்.

— பெல் சத்தம். மேஸ்திரி வர்றார். வாசலுக்கே வந்துட்டார்.

— மூஞ்சி எப்டி கீது? நான் பாக்க மாட்டேன். நீ பாத்து சொல்லு.

— சிரிக்கறார் அக்கா. சிரிக்கறார்!

— பாதி ஏணில நிக்கறாரு உன் ஆளு! தோளு மேல டிரில்லு! கத்தினேன் பாரு ஒரு கத்து, தொண்டையே கியிஞ்சிடுச்சு. மேல ஏத்திட்டேன். கங்கா, ஆறாம் குயி. ஒடைஞ்ச கல்லு மேல மூடிக் கெடந்துது. எட்ட நின்னே நீட்டு மூங்கிலால தள்ளிப் பாத்தோம், திரி பாதியோட அணைஞ்சு அப்டியே கீது. உன் ஆளு டிரில் வெக்கறதுக்கு மேட்டுலேர்ந்தே பாத்து வெச்சிருந்த எடம் அதுலேர்ந்து ஒரு சாணு...

— போதும். மீதிய சொல்லாத.

— சொல்லல. நானும் நெனைக்கல. அன்னிக்கு கூடையில வாரினவன்ல நானும் ஒருத்தன்.

— தண்ணி குடிங்க மேஸ்திரி. இப்ப என்ன செய்வீங்க அந்தக் குழிய?

— தள்ளி வேற வெடி வெச்சு அத்தயும் சேத்து எடுத்துடுவோம் மேடம். அஞ்சு மணிக்கு. ரெண்டு வெடி வரணும். சுப்பராயலு பள்ளத்துக்கு ஆளு அனுப்பிட்டேன், நாங்க முடிக்கற வரைக்கும் அவன் பட்டாசு கூடக் கொளுத்தக் கூடாது. கங்கா, எண்றதுக்கு நீதான் வரணும். அந்தக் கடைசி ஜல்லி உன்னுதுதான்.

— கல்லு ஒடைக்க வான்ன?

— வாய் தவறிடுச்சு. உன் காதப் பத்திப் பேசினதும் தப்பு. அம்பது காது ஏமாந்துச்சு, உன் காது ஒண்ணுதான் ஏமாறல. இத்த நான் அம்பது பேருக்கும் நடுவுல நின்னு சொல்லுவேன், பாரு. வரேன் மேடம். என் செருப்பு எங்க கீது? ஐயே, காலெல்லாம் முள்ளு.

— உங்க மேஸ்திரி மோசமில்ல அக்கா.

— லாரி நின்னா கயுத, லாரி போனா மனுசன். எங்கூட்டுக்காரு ஏணில நிக்கற மாதிரியே கண்ணுல கீது. இன்னிக்கு அவருக்கு மீன் வாங்கி ஆக்கணும்.

— ஒரு யோசனை. எங்க காலேஜ் அசரியா சார்கிட்ட கேக்கப் போறேன். ரெண்டு வருஷமா உங்க வெடிய அள்ளிக் கொட்டிக்கிட்டு இருந்தேன். அதே கருவி இன்னும் ரெண்டு செஞ்சு உங்க பள்ளத்து மேட்டுல பதிச்சா, உங்க வெடி வந்தா சிவப்பு பல்பு எரியும், அந்தாண்ட வெடிச்சா பச்சை. கண்ணாலயே பாக்கலாம்.

— அப்ப என் வேல?

— பல்பையும் நீங்கதான் பாக்கணும். ஜல்லியும் உங்க கையிலதான். ரெண்டும் ஒத்துப் போனாத்தான் ஆள் இறங்கணும்.

— பல்பு எரியறது எனக்கு ரொம்ப ஒதவும் டீச்சர். நீ நெனைக்கறத விட.

— எனக்கு ஒண்ணு மட்டும் புரியல. ஏரிக்கு அந்தாண்ட வெடிச்சது காத்துல தெளிவா வந்திருக்கு. நல்ல காது இருக்கற யாருக்குமே அன்னிக்கு பன்னிரண்டுதான் கேட்டிருக்கணும். உங்களுக்கு மட்டும் எப்படி அக்கா பதினொண்ணு?

— கதவச் சாத்து.

— சாத்திட்டேன்.

— மேஸ்திரிகிட்ட சொல்ல மாட்டியே?

— மாட்டேன்.

— எண்ணும்போது நான் செருப்பு போட மாட்டேன். எந்த வெயில்லயும் போட மாட்டேன். பாத்திருக்கியா?

— பாத்திருக்கேன். பாறை சுடலையான்னு கேக்கணும்னு நெனைப்பேன்.

— நம்ம பள்ளத்து வெடி குதிகால்ல வந்து குத்தும். ஏரிக்கு அந்தாண்ட வெடிச்சா உள்ளங்காலு லேசா கூசும், அத்த நான் எண்ற பயக்கமில்ல. மேஸ்திரி சொன்னது கரீட்டுதான் டீச்சர். காது ரெண்டும் போயி மூணு வருசமாவுது. எங்கூட்டுக்காருக்கு மட்டுந்தான் தெரியும், அதான் அவரு என்ன நம்பல. வந்ததுலேர்ந்து உன் ஒதட்டப் பாத்துத்தான் பேசினு கீறேன்.